கீமோ நேரத்துல ராத்திரி தூக்கம் வரலயா? மொதல்ல மாத்திர நேரத்த பாருங்க

அம்மாவுக்கு மார்புல கேன்சர், ஹட்டன் பக்கத்துல இருந்து மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போய்ட்டு வந்த காலத்துல, கீமோ ஏத்தி வந்த ரெண்டாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பாத்தா அம்மா குசினியில உக்காந்து சட்டி தேச்சுக்கிட்டு இருக்காங்க. மனக்கவலைன்னுதான் நெனச்சோம். காரணம் மாத்திர.

வாந்திக்குன்னு குடுக்குற டெக்ஸாமெத்தசோன் ஸ்டீரொய்ட் ஆளையே முழிக்க வச்சிரும். மருந்து துண்டுல ரெண்டு நேரம்னு மட்டும்தான் இருந்திச்சு, நாங்க காலையிலயும் ராத்திரி சோத்துக்கு அப்புறமும் குடுத்தோம். கேட்டப்பதான் காலையிலயும் பகலுக்குமா மாத்தி சொன்னாங்க. நீங்களும் கேட்டுட்டு மாத்துங்க, நீங்களா நிப்பாட்டிராதீங்க.

அடுத்தது தேத்தண்ணி. கொழுந்து எடுக்குற சனத்துகிட்ட பிளேன்டீய விடுன்னு சொன்னா ஏச்சுதான் கெடைக்கும், ஆனா மூணு மணிக்கு குடிச்சதுல உள்ள கெஃபீன்ல பாதி எட்டு மணிக்கும் ஒடம்புலதான் இருக்கும். பகல் சோத்தோட அத முடிச்சுக்கிட்டு அந்திக்கு கொத்தமல்லி தண்ணி குடுங்க.

பகல்ல அரை மணித்தியாலத்துக்கு மேல தூங்க விடாதீங்க, அதுவும் மூணு மணிக்கு முன்னுக்கே. கீமோ அசதி எவ்வளவு படுத்தாலும் போறதில்ல, மெதுவா லயத்து வாசல்ல நடந்தா கொஞ்சம் கொறையும். எத்தன மணிக்கு படுத்தாலும் எந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கணும். படுத்து இருபது நிமிஷமாகியும் தூக்கம் வரலன்னா எந்திரிச்சு வேற எடத்துல இருங்கன்னு சொல்லுவாங்க, ஒரே காம்பராவுல அஞ்சு பேரு படுக்குற வீட்டுல எங்க போறது? அம்மா கம்பளிய போத்திக்கிட்டு இஸ்தோப்புல இருப்பாங்க, கண்ண சுத்துனதும் உள்ள வருவாங்க.

வலி மாத்திரய வலி வந்தப்பறம் குடுக்கலாம்னு வச்சிருக்காதீங்க, சொன்ன நேரத்துக்கே குடுங்க. பக்கத்து வீட்டு தூக்க மாத்திர வேணவே வேணாம், வலிக்கு மோர்ஃபின் எடுக்குறவங்களுக்கு மூச்சே கொறஞ்சிரும், சாராயமும் அப்படித்தான். தூக்க மாத்திர தேவைன்னா கிளினிக்லயே கேளுங்க, போறப்ப ஒரு கொப்பியில எப்ப படுத்தாங்க எப்ப முழிச்சாங்க எந்த மாத்திர எப்பன்னு ஒரு கெழமைக்கு எழுதி கொண்டு போனா டொக்டருக்கும் லேசு. பயத்துல முழிச்சிருந்தா அதையும் சொல்லுங்க, மனநல உதவி நம்பர் 1926க்கு கோல் பண்ணியும் பேசலாம்.

மார்பு கேன்சருக்கு குடுக்குற டமொக்சிஃபென் மாத்திர எடுக்குறவங்களுக்கு இந்த குளிருலயும் திடீர்னு வேர்க்கும், அதுக்கு தடிச்ச கம்பளி ஒண்ணுக்கு பதிலா மெல்லிசா ரெண்டு போத்துங்க, ஒண்ண தள்ளிவிட லேசு. ஆனா கீமோ நடக்குறப்ப வேர்த்தாலோ நடுங்குனாலோ உடனே தேர்மோமீட்டர் வச்சு பாருங்க, 38 டிகிரி செல்சியஸோ அதுக்கு மேலயோ காட்டுனா விடியட்டும்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு போகணும். எங்க தோட்டத்துல ராத்திரி வாகனம் கெடைக்காது, அதனால ரெண்டு த்ரீவீல் நம்பர செவுத்துல எழுதி வச்சிருந்தோம்.