கத்தோலிக்கப் பள்ளியில் சமத்துவம்: சுவரொட்டிக்கு முன் தண்டனைப் பதிவேடு

இங்கிலாந்தின் கத்தோலிக்க இடைநிலைப் பள்ளிகள் பலவற்றில் சமத்துவப் பணி அக்டோபர் மாதக் கறுப்பின வரலாற்று நிகழ்ச்சியோடும் நடைபாதைச் சுவரொட்டிகளோடும் நின்றுவிடுகிறது. அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலையைத் தண்டனைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

சென்ற மூன்று பருவங்களின் பதிவுகளை எடுத்து, இனம், பாலினம், மாற்றுத்திறன், இலவச மதிய உணவு (குறைந்த வருமானக் குடும்பத்தின் அடையாளம்), சமயம் வாரியாகப் பிரியுங்கள். தலைகளை எண்ணாமல் விகிதத்தைப் பாருங்கள். பள்ளியில் 12 சதவீதமாக உள்ள பிரிவினர் தற்காலிக நீக்கங்களில் 30 சதவீதமாக இருந்தால், அடுத்து காரணப் பத்தியைப் படியுங்கள். ‘எதிர்த்துப் பேசினார்’, ‘முகம் சுளித்தார்’ என ஆசிரியரின் கணிப்பைச் சார்ந்த காரணங்களில் இடைவெளி பெரிதாக இருந்தால் பயிற்சி தேவைப்படுவது ஆசிரியருக்கு. தாமதம் போன்ற, கடிகாரம் சொல்லும் காரணங்களில் இருந்தால் பேருந்தையும் வீட்டுப் பொறுப்புகளையும் விசாரியுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல திட்டங்கள் வீணாகின்றன. பத்துப் பேருக்கும் குறைவான பிரிவின் எண்களை வெளியிடாதீர்கள். எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

2010 சமத்துவச் சட்டம் பள்ளி உள்ளிட்ட பொது அமைப்புகளுக்கு விதிக்கும் பொதுத்துறைக் கடமைப்படி, சமத்துவத் தகவல்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குறிக்கோள்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுக்க வேண்டும். இரண்டு மூன்று குறிக்கோள் போதும். ‘பன்மையைக் கொண்டாடுவோம்’ என்பது குறிக்கோள் அல்ல. ‘இரண்டு ஆண்டில் நீக்க விகித இடைவெளியைப் பாதியாக்குவது, பொறுப்பு துணைத் தலைமையாசிரியர், பருவந்தோறும் ஆளுநர் குழுவிடம் (பள்ளியின் நிர்வாகக் குழு) அறிக்கை’ என்பதுதான் குறிக்கோள். இழிசொல் நிகழ்வுகளை ஒழுங்காகப் பதியத் தொடங்கியதும் எண்ணிக்கை ஏறும். இதை ஆளுநர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் பதிவு செய்வதே நின்றுபோகும்.

கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய சிக்கல், சமயப் பள்ளிகளுக்குச் சட்டம் தரும் விலக்குகளைத் தேவைக்கு மேல் நீட்டிப் பொருள்கொள்வது. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் மட்டுமே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம். பாடத்தின் உள்ளடக்கம் பாகுபாட்டு விதிகளுக்குள் வராது, ஆனால் கற்பிக்கும் விதம் வரும்: திருமணம் பற்றிய திருச்சபையின் போதனையை விளக்கலாம், வகுப்பில் இருக்கும் தன்பாலீர்ப்புள்ள மாணவரைக் குறுகவைக்கக் கூடாது. திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2358ஆம் எண்ணே அவர்கள்மீது நியாயமற்ற பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. தயங்கும் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சட்டத்தைவிட இந்த வரிதான் அதிகம் எடுபடும். பிற சமயத்தார் பற்றிய பேச்சில் 1965இல் திருச்சபை ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடுகள் அதே வேலையைச் செய்யும்.

திருப்பலி (பூசை) நாளில், நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்காதவர்கள் கைகளை மார்பின் குறுக்கே வைத்து ஆசி பெற வரலாம், இருக்கையிலேயே இருக்கவும் செய்யலாம் என்று முந்தைய நாளே வகுப்பில் சொல்லுங்கள். சில ஆசிரியர்களும் அமர்ந்தே இருக்கட்டும். அப்போதுதான் இருக்கை வரிசையில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவி மட்டும் தனித்துத் தெரியமாட்டாள். சமயக் கல்வியிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு, காரணம் கேட்காதீர்கள். விலகிய பிள்ளையை நடைபாதை நாற்காலியில் உட்காரவைப்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தண்டனையாகவே படும். மேற்பார்வையுள்ள அறையும் உருப்படியான வேலையும் கொடுங்கள்.

சீருடை விதிகளைத் தலைமுடிப் பகுதியிலிருந்து படியுங்கள். 2011இல் லண்டன் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் வழக்கில், குடும்ப வழக்கப்படி முடியைப் பின்னி வந்த மாணவனுக்கு விலக்கே தராத தடை மறைமுக இனப்பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியோடு விலக்குக் கேட்கும் வழியையும் முடிவு சொல்லும் கெடுவையும் எழுதிவையுங்கள்.

மாற்றுத்திறனுக்கான அணுகல் திட்டத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சாய்தளத்தோடு நிறுத்திவிடாமல், தியான முகாமுக்குச் செல்லும் பேருந்தையும் அங்குள்ள படுக்கையறையையும் முன்பதிவுக்கு முன்பே நேரில் பாருங்கள். கட்டிய பணம் திரும்பாது என்ற நிலையில்தான் ‘இந்த முறை வேண்டாமே’ என்று மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் குடும்பத்திடம் சொல்லிவிடுகிறார்கள்.