ஜெர்மன் கோடைப் படிப்புக்கு ஒரு கேள்வியோடு போங்கள்

ஹைடெல்பெர்க், ஃப்ரைபுர்க், லைப்சிக் என்று ஜெர்மனியின் பல பல்கலைக்கழக ஊர்களில் கோடைக்காலத்தில் வெளிநாட்டவருக்காக சில வாரப் படிப்பு நடக்கிறது. மொழி வகுப்போடு அந்த நாட்டின் வரலாறு, அரசியல், சமூகம் எல்லாம் உண்டு. நிறைய பேர் படத்தில் அழகாகத் தெரிகிற ஊரைப் பார்த்து விண்ணப்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள், அப்புறம் ஊர்.

கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக மூடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆலை போன பிறகு அந்த ஊர் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதனால் லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே 1884இல் தொடங்கிய ஒரு பெரிய பருத்தி நூற்பாலை இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு 1990இல் இணைந்த சில ஆண்டுகளிலேயே நூற்பு நின்றுபோனது. இன்று அதே செங்கல் கட்டடங்களில் ஓவியர்களின் கூடங்களும் கேலரிகளும். டிராமில் போய் இறங்கி, சும்மா நடந்து பாருங்கள். திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு நிக்கோலாய் தேவாலயத்துக்கும் போங்கள். 1989 அக்டோபர் 9 அன்று அங்கே பிரார்த்தனை முடிந்து கிளம்பிய கூட்டத்தோடு சேர்ந்து சுமார் 70,000 பேர் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அந்தத் திங்கள் பிரார்த்தனை இன்னும் நடக்கிறது.

பெரியவர்களிடம் பேசும்போது, "அந்தக் காலம் நல்லா இருந்ததா?" என்று கேட்காதீர்கள், ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். "1990க்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நான் தங்கிய வீட்டு அம்மா அந்த ஒரு கேள்விக்கு, காபி ஆறிப்போகிற வரை பேசினார்.

வகுப்பில் வாய் திறக்க வேண்டும். ஆசிரியரை மறுத்துப் பேசினால் யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. விரிவுரை முடிந்ததும் கை தட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள். நம் ஊரைப் பற்றியும் கேட்பார்கள். ஜெர்மனியில் பள்ளிக் கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் 1976இல் அது பொதுப்பட்டியலுக்குப் போனதை ஜெர்மன் மொழியில் நாலு வரியில் சொல்லப் பழகிக்கொண்டு போனால், நல்ல விவாதம் கிடைக்கும்.

மற்றதெல்லாம் காகித வேலை. டி.ஏ.ஏ.டி. என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகை வேண்டுமானால் முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் எனும் குறுகிய கால விசா போதும்; குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற பயணச்சீட்டு எடுத்தால் ஊருக்குள் டிராம், பஸ், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் ஏறாதீர்கள். அது மாதச் சந்தா என்பதால், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.