866 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை 50 ஓமுக்கு மேட்ச் செய்வது

இந்தியாவில் லோரா (குறைந்த திறனில் தொலைதூரம் செல்லும் ரேடியோ) கருவிகள் இயங்கும் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு ஒரு பிசிபி ஆன்டெனாவை (சர்க்யூட் போர்டிலேயே செப்புத் தடமாக அமைந்தது) மேட்ச் செய்வதில், அதாவது திறன் திரும்பி வராதபடி அதன் இம்பீடன்ஸை 50 ஓமாக்குவதில், கணக்கு சில நிமிட வேலைதான். நேரத்தைத் தின்பது அளவீடு. அதில் பிசகினால் பாகங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதலில் சிப்பிலிருந்து வரும் தடத்தைத் துண்டியுங்கள். மெல்லிய கோஆக்ஸின் நடுக்கம்பியை பை நெட்வொர்க்கின் (தடத்தின் நடுவே ஒரு சீரிஸ் பேடும், அதன் இருபுறமும் கிரவுண்டுக்குச் செல்லும் ஷன்ட் பேடுகளும் கொண்ட அமைப்பு) சிப் பக்கத்துப் பேடிலும், மேலுறையை அதற்கு ஒட்டிய கிரவுண்டிலும் பற்றவையுங்கள். விஎன்ஏவின் (இம்பீடன்ஸை அளக்கும் கருவி) காலிபரேஷனைக் கேபிள் முனையிலேயே, மூன்று தெரிந்த நிலைகளை வைத்துச் செய்ய வேண்டும். சீரிஸ் பேட் காலியாக இருந்தால் ஓப்பன். சிப் பக்கத்து ஷன்ட் பேடில் 0 ஓம் வைத்தால் ஷார்ட். அங்கேயே இரண்டு 100 ஓம், 1% ரெசிஸ்டர்களை இணையாக வைத்தால் லோடு. கருவியின் வாயிலேயே காலிபரேஷனை முடித்துக்கொண்டால், 10 செ.மீ. டெஃப்ளான் கேபிள் ஸ்மித் வரைபடத்தில் (இம்பீடன்ஸைக் காட்டும் வட்ட வரைபடம்) புள்ளியைக் கிட்டத்தட்ட 300 டிகிரி சுழற்றிவிடும்.

பிறகு ஷன்ட் பேடைக் காலி செய்து, சீரிஸில் 0 ஓம் வைத்து அளங்கள். பேட்டரியும் பெட்டியும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். கேபிளைத் தொட்டதும் கோடு நகர்ந்தால் கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது, அதன்மேல் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

அளவு 18 ஓம் ரெசிஸ்டன்ஸ், −25 ஓம் ரியாக்டன்ஸ் என்று வைப்போம். ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்பது; கூடுதலாக இருந்தால் நல்லது) 5 டெசிபெல். 31% திறன் திரும்பி வருகிறது. மேட்சுக்கான விகித எண் கியூ = √(50/18 − 1) = 1.33. ஆகவே சீரிஸ் ரியாக்டன்ஸ் மொத்தம் +24 அல்லது −24 ஓம் ஆக வேண்டும், ஷன்ட் 50/1.33 = 37.5 ஓம்.

+24 வழியில் சீரிஸ் 9.1 நானோஹென்றி, ஷன்ட் 4.7 அல்லது 5.1 பிகோஃபேரட். −24 வழியில் 1 ஓம்தான் குறை. அதைக் கண்டுகொள்ளாமல் 0 ஓமை அப்படியே விட்டு, ஷன்டில் 6.8 நானோஹென்றி மட்டும் வைத்தால் கணக்குப்படி ரிட்டர்ன் லாஸ் 30 டெசிபெல்லை ஒட்டி வரும். ஒரே பாகம், இழப்பும் குறைவு. இதுவே நம் தேர்வு. ஹார்மோனிக் தொல்லை இருந்தால் மட்டும் முதல் வழி. சிப்பின் வெளியீட்டில் டிசி இருந்தால் தடுப்புக் கெப்பாசிட்டர் இல்லாமல் ஷன்ட் இன்டக்டரை வைக்காதீர்கள்.

இன்டக்டர் கம்பி சுற்றிய வகையாக இருக்கட்டும்; மல்டிலேயர் வகையில் பாகத்தின் கியூ குறைவு, அதாவது இழப்பு அதிகம். கெப்பாசிட்டர் என்றால் சி0ஜி (வெப்பத்தில் மதிப்பு அதிகம் மாறாத வகை). பேடின் சிதறல் கெப்பாசிட்டன்ஸால் கணக்கிலிருந்து சற்று விலகும். பக்கத்து மதிப்புகளையும் மாட்டிப் பாருங்கள்.

ரிட்டர்ன் லாஸை மட்டும் நம்ப வேண்டாம்: 50 ஓம் ரெசிஸ்டர்கூட அருமையாக மேட்ச் ஆகும், ஆனால் எதையும் வீசாது. மேட்சுக்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்தில் ஆர்எஸ்எஸ்ஐ (மறுமுனையில் பெறும் சிக்னலின் வலிமை) சராசரி எடுங்கள். இங்கே சுமார் 1.6 டெசிபெல் கூட வேண்டும். கூடவில்லை என்றால் திறன் இன்டக்டரிலோ, ஆன்டெனாவுக்கு அடியில் நீக்காமல் விட்ட கிரவுண்டாலோ வீணாகிறது.