மோபியஸ் குழந்தைங்களுக்குப் பல் பாக்கறப்போ நாம பண்ற சொதப்பல்

"ரொம்ப சமத்துப் பையன் மேடம், ஃபில்லிங் முடியற வரைக்கும் முகம்கூட சுளிக்கல"ன்னு போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு பெருமையா வந்து சொல்லுச்சு. கேஸ் ஷீட்ல மோபியஸ் சிண்ட்ரோம்னு கொட்டை எழுத்துல இருக்கு. அவனால சுளிக்க முடியாதும்மா! பொறக்கும்போதே மூளைலேர்ந்து வர்ற 6, 7ஆம் நரம்பு (கண்ணைப் பக்கவாட்டுல திருப்பறதும் முகத்தை அசைக்கறதும்) வேலை செய்யாது, 1888லயே மோபியஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சுட்டுப் போனது. பிரஷ், சாக்லேட் அறிவுரையெல்லாம் விடுங்க, எல்லாருக்கும் தெரியும்.

முகத்தைப் பாத்து வலியை அளக்கறது

இன்னும் எரிச்சல் வர்ற விஷயம் இதான், ஏன்னா நானே பண்ணிருக்கேன். படிச்சு முடிச்ச புதுசு, 6 வயசுப் பொண்ணு, கீழ்க் கடவாப்பல். ஊசி போட்டு சரியா மரத்துப்போச்சான்னு பாக்காமயே டிரில்ல எடுத்துட்டேன், முகத்துல ஒரு அசைவும் இல்ல, நானும் பாட்டுக்கு ஓட்டிட்டே இருக்கேன். அவங்கம்மாதான் "டாக்டர், கொஞ்சம் காலைப் பாருங்க"ன்னாங்க. ரெண்டு காலும் வெறைச்சு, விரலெல்லாம் மடங்கிக் கிடக்கு. முகத்தை அசைக்கறது 7ஆம் நரம்பு, பல்வலியை உணர்றது 5ஆம் நரம்பு, அது பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு என்கிட்ட வாயே தொறக்கல, கடைசில முழு மயக்கம் குடுத்துதான் பண்ணோம். தாடை சின்னது, வாய் தொறக்கறதும் கம்மி, மூச்சுக்குழாய்ல டியூப் விட மயக்க டாக்டர் பட்ட பாடு இருக்கே, எல்லாம் என் அவசரத்தால.

இப்பல்லாம் தொடங்கறதுக்கு முன்னாடியே "வலிச்சா இடது கையத் தூக்கு, நிறுத்திடுவேன்"னு சொல்லி, சும்மா ஒருதடவை தூக்கச் சொல்லி நிறுத்தியும் காட்டிடுவேன். விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிட்டா நாடித்துடிப்பு ஏறுறதும் தெரியும்.

கண்ணை மறக்கறது

இமை முழுசா மூடாது. கண்ணாடி மாட்டிட்டு அப்புறமா லைட்டைப் போடுங்க, தண்ணி தெறிக்கும்.

"கொப்பளிச்சுத் துப்பு"ன்னு சொல்றது

உதடு சேராத பிள்ளை எப்படிங்க கொப்பளிக்கும்? சக்ஷன் (தண்ணிய உறிஞ்சற குழாய்) வைங்க. வீட்ல 3 வயசு வரைக்கும் அரிசி அளவு பேஸ்ட், அப்புறம் பட்டாணி அளவு, மிச்சத்தைத் துணியால தொடச்சுடச் சொல்லுங்க. கன்னத் தசை தள்ளாததால சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அப்படியே ஒதுங்கி நிக்கும், சாப்பிட்டு முடிச்சதும் அம்மா விரல்ல ஈரத்துணி சுத்தி வழிச்செடுக்கணும். வாய் தொறந்தே இருந்து மேல் முன்பல் காஞ்சு போகும், அதுக்கு ஃப்ளூரைடு வார்னிஷ், சொத்தை வராம பல்லு மேல நாம பூசறது.

அம்மாகிட்ட மட்டும் பேசறது

சிரிக்கலேன்னா புரியலேன்னு அர்த்தமில்ல. அவன்கிட்டயே கேளுங்க.