சாண்டோரினியை விட்டுவிட்டு நாக்ஸோஸுக்குப் போங்கள்

கிரீஸ் என்றாலே மும்பையில் எல்லோருக்கும் வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும்தான். மாட்டுங்காவில் வாழையிலை வாங்க நின்ற இடத்தில்கூட ஒரு மாமி "சாண்டோரினியில எத்தனை நாள்?" என்றுதான் கேட்டார். ஒரு நாளும் இல்லை மாமி. எங்களுக்கு இருந்தது ஒரு வாரம் லீவு, கூட வந்தது முட்டைகூடத் தொடாத, மூட்டு வலி உள்ள மாமியார். சாண்டோரினி என்பது எரிமலை விளிம்பு. எங்கே போனாலும் படிக்கட்டு, கடற்கரையில் கறுப்பு மணல், மத்தியான வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. நாக்ஸோஸ் அதற்கு நேர் எதிர். கிரீஸின் சிக்லேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது, மேற்குக் கரை முழுக்க வெளிர் மணல், உள்ளே மலை, மாடு, உருளைக்கிழங்கு வயல். தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கிற தீவில்தான் சைவக்காரருக்கும் வழி இருக்கும்.

முதலில் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான், பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்கணும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லணும், இரண்டு பக்கம் காலியாக இருக்கணும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பள்ளி லீவு நெருங்க நெருங்க மும்பையில் நாள் கிடைக்காமல் அல்லாடுவதைவிட முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

எப்போது போவது? ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர். குழந்தைகளுக்கு லீவு என்று மே மாதம் போனால் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் கடல் ஜில்லென்று இருக்கும், நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகியவர்கள் முழங்காலோடு திரும்பிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் விலையும் போதாதென்று மெல்தேமி என்ற வடக்குக் காற்று வேறு. இதில் ஒரு வேடிக்கை: துருக்கிப் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தம்தான் இந்தக் காற்றை இழுக்கிறது, அந்தத் தாழ்வழுத்தமோ நம் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால். மும்பை சயானில் தண்டவாளம் முழுகுகிற அதே வாரம் அங்கே குடை பறக்கிறது.

அந்தக் காற்றைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே வானம் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே கப்பல் நிற்கும். எங்களுக்கு அதுதான் நடந்தது. திரும்பும் நாளன்று காலை, பெட்டியோடு துறைமுகத்தில் நின்றால், காற்று பலமாக இருப்பதால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி. மறுநாள்தான் கிளம்பினோம், ஏதென்ஸில் இரண்டு நாள் வைத்திருந்ததால் தப்பித்தோம். அதனால் சொல்கிறேன், ஏதென்ஸை முதலில் சுற்றாதீர்கள், கடைசிக்கு வையுங்கள். தீவிலிருந்து இறங்கி அன்று இரவே விமானம் என்று திட்டம் போடுபவர்கள் சூதாடுகிறார்கள்.

மும்பையிலிருந்து வளைகுடா ஊர் ஒன்றிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாறி ஏதென்ஸ் போவது பழகிய வழி. விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது, ராத்திரி நேரத்தில் இறங்கினால் எக்ஸ்96 பஸ் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். மெட்ரோவில் பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தாதரில் ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரேயஸிலிருந்து நாக்ஸோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரம் போல, வேகப் படகில் இன்னும் குறைவு. நான் பெரிய கப்பலைத்தான் சொல்வேன், ஆட்டம் குறைவு, மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு இட்லிப் பொடி தடவிய சப்பாத்தியைச் சாப்பிடலாம்.

பொடி என்றதும் ஞாபகம் வருகிறது. மிளகாய்ப்பொடி, பெருங்காயம், கடுகு, வற்றல் மிளகாய் எல்லாம் கொண்டுபோகலாம். ஆனால் நெய், பால்கோவா, பால் பவுடர் எதையும் எடுக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், காயவைத்துப் பொடித்து எடுங்கள். தங்குவதற்குச் சின்ன அடுப்பு உள்ள அறையாகப் பாருங்கள், 'ஸ்டூடியோ' என்று போட்டிருப்பார்கள். கிரேக்கத் தயிர் கெட்டித் தயிர், கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கடுகு தாளித்தால், என் மாமியார் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏம்மா, இது நம்ம செம்பூர் தயிரைவிட நன்னா இருக்கே." அவர் எதையும் சுலபமாகப் பாராட்டுகிறவர் இல்லை.

வெளியில் சாப்பிடுவதற்கு இரண்டு மூன்று சொல் தெரிந்தால் போதும். 'நிஸ்தீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருடத்தில் நிறைய நாள் இறைச்சி, முட்டை, பால் தொடாமல் விரதம் இருப்பதால் சைவப் பதார்த்தம் அவர்கள் சமையலில் ஏராளம். ஆனால் ஜாக்கிரதை, கணவாயும் இறாலும் அவர்கள் விரதத்தில் சேர்த்தி, ரத்தம் இல்லாத பிராணி என்று கணக்கு. 'லதெரா' என்றால் ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு வெந்த காய்: பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய். 'யிகாந்தெஸ்' என்பது பெரிய வெள்ளை மொச்சை மாதிரி ஒன்று, தக்காளிக் குழம்பில் சுட்டது. 'ஃபாவா' கிட்டத்தட்ட நம் பருப்பு மசியல், மேலே வெங்காயமும் எண்ணெயும். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய்க்கு 'யெமிஸ்தா' என்று பெயர், அதில் சில இடத்தில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். "ஹோரிஸ் கிமா?" என்று கேளுங்கள், கீமா இல்லாமல்தானே என்று அர்த்தம். ஆமாம், கீமா பாவின் அதே கீமாதான், துருக்கி வழியாக அந்தப் பக்கமும் போயிருக்கிறது. நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவலைத் தவறவிடாதீர்கள். கிராவியேரா என்ற பசும்பால் பாலாடைக்கட்டி அந்தத் தீவின் பெருமை, கறாரான சைவக்காரர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், பாலை உறைய வைப்பதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதைச் சேர்ப்பது அங்கே வழக்கம். மாமியாரிடம் இதை நாங்கள் மூன்றாம் நாள்தான் சொன்னோம். தப்புதான்.

கடற்கரைக்கு வருவோம். வயதானவர், சின்னக் குழந்தை என்றால் ஆயோஸ் யோர்கியோஸ். ஹோரா என்கிற துறைமுக ஊரிலிருந்தே நடந்து போகலாம், வெகு தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆயோஸ் ப்ரோகோபியோஸ், ஆயா அன்னா, பிளாக்கா மூன்றும் தெற்கே ஒன்றையடுத்து ஒன்று, துறைமுகத்திலிருந்தே பஸ் போகும், டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிளாக்கா ஏறத்தாழ நாலு கிலோமீட்டர், அதன் ஒரு பகுதியில் துணியில்லாமல் குளிப்பவர்கள் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் அதிர்ச்சி அடையாமல் பேசாமல் இன்னும் கொஞ்சம் நடந்துவிடுங்கள். சாய்வு நாற்காலிக்குத்தான் காசு, மணல் எல்லோருக்கும் பொது, துண்டை விரித்து உட்கார யாருக்கும் எதுவும் தர வேண்டாம். ஜுஹுவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் அந்தத் தண்ணீரில் தன் கால் விரல் தெரிவதே ஆச்சரியம்.

சாயங்காலம் போர்த்தாராவுக்குப் போங்கள். கிமு ஆறாம் நூற்றாண்டில் அப்பல்லோவுக்குத் தொடங்கிய கோயில், முடியவே இல்லை, பளிங்கு வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. தீவின் வடமுனையில் அப்போலோனாஸ் அருகே பத்து மீட்டருக்கு மேல் நீளமான சிலை ஒன்று பாறையிலேயே பாதி செதுக்கியபடி படுத்திருக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும்.

மலைக் கிராமங்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. கார் எடுப்பதானால் இங்கேயே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வண்டி வலது பக்கம் ஓடும். அபிராந்தோஸில் தெருவே பளிங்கு. மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும், அப்போது ஹார்ன் அடிக்காதீர்கள், கதவு தட்டாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான்.

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஃபிலோட்டி கிராமத்தில் அன்று 'பனியிரி', அதாவது ஊர்த் திருவிழா, வயலினும் லாவுத்தோ என்ற தந்தி வாத்தியமும் விடியும்வரை. தெரிந்தவர் தெரியாதவர் என்றில்லாமல் கை கோத்து வட்டமாக ஆடுவார்கள். வட்டத்தில் சேருவதானால் கடைசியில் சேருங்கள், முன்னால் ஆடுபவர் அந்த ஆட்டத்தை நடத்துபவர். பார்ப்பவர்களிடம் "ஹ்ரோனியா போலா" என்று சொல்லுங்கள், பல்லாண்டு வாழ்க என்பதுதான். கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். பாந்த்ரா மவுண்ட் மேரிக்கு மெழுகில் கை கால் செய்து நேர்ந்துகொள்கிறவர்களும், வேளாங்கண்ணியில் முட்டி போட்டு நடந்தவர்களும் பக்கத்துத் தீவான தீனோஸில் ஒரு ராத்திரி தங்கலாம். அங்கே துறைமுகத்திலிருந்து மாதா கோயில்வரை மேட்டில் முட்டியாலேயே ஏறுகிறார்கள், வழி நெடுக விரிப்பு போட்டிருக்கிறது, காணிக்கையும் அதே கை கால்தான், வெள்ளித் தகட்டில்.

வாங்கி வர ஒன்றே ஒன்று. ஹல்கி கிராமத்தில் 1896இலிருந்து நடக்கும் வல்லிந்த்ராஸ் வடிசாலையில் 'கித்ரோன்' கிடைக்கும். நம் நார்த்தங்காய் வகைதான் அந்த மரம், அதன் இலையை வடித்துச் செய்யும் மது. நாம் அந்த இலையை இடித்து வேப்பிலைக்கட்டி பண்ணித் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம், அவர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். பச்சை நிறம் அதிக இனிப்பு, குறைந்த போதை. குடிக்காதவர்கள் தோலைப் பாகில் போட்ட மிட்டாயை வாங்கலாம். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் ஏதென்ஸ் சோதனையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.