டாட்சன் 240இசட்: இன்ஜினைப் பெரிதாக்கும்போது எந்த ஹெட்?

1971இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற கார் டாட்சன் 240இசட். 1973இல் அதே ராலியில் ஷேகர் மேத்தா வென்றதும் இதே காரில்தான். அந்தச் சேற்றையும் கல்லையும் தாங்கிய எல்24 இன்ஜின் ஆறு சிலிண்டர், 2393 சிசி. இன்றைக்கு இந்தக் காரை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதை 2.8 லிட்டராக்க ஆசை, துணிந்தவர்களுக்கு 3.1. அதில் தவறில்லை. ஆனால் பலரும் முதலில் தேடி ஓடுவது ஹெட்டைத்தான், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் உள்ள பகுதியை. ‘ஈ31 என்ற ஹெட் கிடைத்தால் விடாதே’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள், இவர்களும் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுவார்கள். பிறகுதான் இன்ஜினைப் பற்றி யோசிப்பார்கள். தாலியை வாங்கி வைத்துக்கொண்டு பெண் தேடுகிற கதை இது.

ஹெட் கடைசியாக வர வேண்டிய பொருள். வரிசையைச் சொல்கிறேன்.

படி 1: பிளாக்கும் பிஸ்டனும்

எல்24இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 73.7 மி.மீ. பின்னால் வந்த 280இசட், 280இசட்எக்ஸ் கார்களின் எல்28 இன்ஜினில் போர் 86, ஸ்ட்ரோக் 79. கொள்ளளவு 2753 சிசி. சிலிண்டர்கள் அமைந்த பழைய பிளாக்கைக் குடைந்துகொண்டிருப்பதைவிட ஓர் எல்28 பிளாக்கை அப்படியே இறக்குவதுதான் தொடக்கநிலையினருக்கு நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 3.1 லிட்டருக்கு எல்டி28 டீசல் இன்ஜினின், 83 மி.மீ. ஸ்ட்ரோக் தரும் கிராங்க் ஷாஃப்டும் 89 மி.மீ. பிஸ்டனும் வேண்டும். முதல் முயற்சியிலேயே அதில் கை வைக்க வேண்டாம்.

பிஸ்டனின் தலையைப் பாருங்கள். 1975 முதல் 1980 வரை வந்த எல்28இல் பிஸ்டன் தலை கிண்ணம்போல் குழிந்திருக்கும். அந்தக் குழி ஏறக்குறைய 10.9 சிசி. 1981–83 காலத்து டர்போ இல்லாத எல்28இல் தலை தட்டையாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடுதான் உங்கள் ஹெட்டைத் தீர்மானிக்கப் போகிறது.

படி 2: ஹெட்டில் வார்த்திருக்கும் எழுத்து

ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தைத் துணியால் துடைத்தால் ஹெட்டின் எண் தெரியும். அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

ஈ31: 1970–71 காலத்துக் கார்களில் வந்தது. எரியறை (ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழி) 42.4 சிசி. உள் வால்வு (கலவை உள்ளே வரும் வழி) 42 மி.மீ., வெளி வால்வு (புகை வெளியேறும் வழி) 33 மி.மீ.

என்42: 1975–76. எரியறை 44.6 சிசி, வால்வுகள் 44, 35. வெளியேற்றும் துளை சதுரம்.

என்47: எரியறையும் வால்வுகளும் என்42 போலவே. ஆனால் வெளியேற்றும் துளை வட்டம். புகை சூடு குறையாமல் வெளியேற உள்ளே ஓர் உலோக உறை செருகியிருப்பார்கள்.

பி79, பி90: 1981–83. எரியறை 53.6 சிசி, வால்வுகள் 44, 35. பி79இல் உறை உண்டு. டர்போ இன்ஜினுக்காக வந்த பி90இல் உறை கிடையாது, துளை சதுரம்.

ஈ31க்கும் என்42க்கும் இடையில் வந்த ஈ88இல் எரியறை ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பெயரை நம்பாமல் அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

படி 3: கணக்கு

ஒரு காகிதமும் பென்சிலும் எடுங்கள். கம்ப்ரஷன் விகிதத்துக்கான கணக்கு பள்ளிப் பிள்ளை போடக்கூடியதுதான்: பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, அது மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும்.

எல்28இல் ஒரு சிலிண்டர் 459 சிசி. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் கேஸ்கெட் ஏறக்குறைய 7.2 சிசி இடம் தரும். தட்டைப் பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே அரை மி.மீ. எட்டிப் பார்க்கும் என்று வைத்தால், 2.9 சிசி போய்விடும். எரியறை தவிர்த்து மிஞ்சுவது 4.3 சிசி.

ஈ31ஐ வைத்தால் 42.4உடன் 4.3 சேர்த்து 46.7. அதோடு 459ஐக் கூட்டி 46.7ஆல் வகுத்தால் 10.8. இதே ஈ31, பிறந்த வீடான எல்24இல் 9.0 என்ற விகிதத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்டில் எதுவும் மாறவில்லை. கீழே சிலிண்டர் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். பம்பில் அடிக்கும் பெட்ரோலில் 10.8 என்றால் மேடேறும்போது டொக் டொக்கென்று தட்டும். அந்த ஓசை பிஸ்டனுக்கு எமன். போதாததற்கு 42 மி.மீ. வால்வு பெரிய இன்ஜினுக்கு மூச்சு முட்ட வைக்கும்.

என்42 என்றால் 10.4. வால்வு பெரிது, காற்றோட்டம் நன்று. ஆனால் எரியறை திறந்த வடிவம் என்பதால் வால்வுகளைத் திறந்து மூடும் சாதாரண கேம்ஷாஃப்டோடு இந்த விகிதமும் தொல்லைதான். உள் வால்வைத் தாமதமாக மூடும் கேம் இருந்தால் சமாளிக்கலாம்.

பி79 அல்லது பி90 என்றால் 8.9. தொழிற்சாலையே 280இசட்எக்ஸுக்குச் சொன்ன விகிதம் 8.8. தெருவில் ஓட்டுவதற்கு நான் சொல்வது இதைத்தான். எரியறையின் ஒரு பக்கம் தட்டையாக, பிஸ்டனை நெருங்கி நிற்கும். அந்த இடுக்கில் நசுங்கிய கலவை ஸ்பார்க் பிளக்கை நோக்கிச் சுழன்று பாய்வதால் தட்டல் குறைகிறது. பெயர் பெற்ற ஈ31ஐவிட, யாரும் சீந்தாமல் கிடக்கும் பி79 இந்த இன்ஜினுக்கு நல்ல துணை.

உங்களிடம் இருப்பது குழிந்த பிஸ்டனா? அப்போது என்42ஓ என்47ஓ போதும். 280இசட்டில் அந்தச் சேர்க்கைக்குத் தொழிற்சாலை சொன்ன விகிதம் 8.3.

படி 4: நீங்களே அளந்து பாருங்கள்

மேலே உள்ளவை புத்தக எண்கள். ஐம்பது ஆண்டுப் பழைய ஹெட்டை எத்தனை பேர் இழைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஹெட்டைக் கவிழ்த்து, எரியறை மேலே பார்க்கும்படி மேசையில் மட்டமாக வையுங்கள். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்கும் இடத்தில் இருக்கட்டும். எரியறையைச் சுற்றி விரலால் மெல்லியதாக கிரீஸ் தடவி, ஓரத்தில் சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். ஆய்வகத்துப் பியூரெட்டில் நிறம் கலந்த தண்ணீரை நிரப்பி அந்தத் துளை வழியே விடுங்கள். கடைசிக் காற்றுக் குமிழி துளையருகே வந்து நிற்கும். தகட்டை லேசாகத் தட்டினால் வெளியேறிவிடும். இறங்கிய அளவுதான் எரியறையின் கொள்ளளவு. ஆறையும் அளந்து பாருங்கள். வால்வு சீட்டைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றிரண்டு அறைகள் ஆழமாகியிருப்பது சகஜம்.

அடுத்து ஹெட்டின் உயரம். புதிதாக வந்தபோது ஏறக்குறைய 108 மி.மீ. நான் முதலில் வாங்கிய என்42ஐ வெர்னியர் வைத்துப் பார்க்காமலே மாட்டினேன். விற்றவர் ‘கை படாத சரக்கு’ என்றார், நானும் தலையாட்டினேன். வண்டி மந்தமாகவே ஓடியது. இரண்டு வாரம் கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஹெட்டைக் கழற்றி அளந்தால் 106.6 மி.மீ. கேம்ஷாஃப்ட் அந்த அளவுக்குக் கீழே இறங்கியதில் டைமிங் செயின் தளர்ந்து, கேம் பின்தங்கி, வால்வுகள் தாமதமாகத் திறந்தன.

அதே காரணத்தால்தான் பி90இன் அடிப்பரப்பை 2 மி.மீ. இழைத்து (ஃபேசிங் செய்து) கம்ப்ரஷனை ஏற்றுகிறவர்கள், கேம் தாங்கிகளுக்கு அடியிலும் அதே 2 மி.மீ. தகடு வைத்துத் தூக்குகிறார்கள். அதோடு வேலை முடியாது: தாங்கி உயர்ந்தால் வால்வின் முனை கேமுக்கு எட்டாது. அதற்கும் நீளமான வால்வோ தடிமனான முனைத்தட்டோ தேட வேண்டும். முதல் இன்ஜினுக்கு இது வேண்டாம்.

படி 5: பக்கத்தில் மாட்டுகிறவை

எல் இன்ஜினில் உறிஞ்சுவதும் வெளியேற்றுவதும் ஹெட்டின் ஒரே பக்கத்தில். சதுரத் துளைக்கு வட்டத் துளையின் கேஸ்கெட்டைப் போட்டுப் புகை கசியவிட வேண்டாம். 280இசட் காலத்து ஹெட்டுகளில் இன்ஜெக்டருக்காக உறிஞ்சும் துளையின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் எஸ்.யு. அல்லது வெபர் கார்புரேட்டர் மாட்டினால், கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டின் முகம் அந்தப் பள்ளத்தை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் அங்கே காற்று இழுக்கும். ஐட்லிங் ஒருநாளும் ஒரே சீராக நிற்காது.

கேமுக்கு ஆயில் சில ஹெட்டுகளில் மேலே ஓடும் குழாயிலிருந்து தெளிக்கும். சிலவற்றில் கேமின் வயிற்றுக்குள்ளிருந்தே வரும். ஒன்றின் கேமை மற்றதில் மாட்டிவிட்டு ஆயில் வரும் வழியைச் சரிபார்க்காமல் விட்டால் கேம் கருகிவிடும்.

படி 6: களிமண் சோதனை

இறுதியாக மூடுவதற்கு முன் இரண்டு பிஸ்டன்களின் தலையில், வால்வு வரும் இடத்தில், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அரை அங்குல உயரத்துக்கு ஒட்டுங்கள். மேலே லேசாக எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் வால்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேஸ்கெட், ஹெட், செயின் எல்லாம் மாட்டி, வால்வு இடைவெளியும் வைத்து, ஸ்பேனரால் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அதற்கு மேல் அழுத்த வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மெலிந்த இடத்தின் தடிமனை அளந்து பாருங்கள். உள் வால்வின் பக்கம் 2 மி.மீ.க்கும் வெளி வால்வின் பக்கம் 2.5 மி.மீ.க்கும் குறையாமல் இருந்தால், களிமண்ணைத் துளிகூட விடாமல் வழித்தெடுத்துவிட்டுப் புதிய கேஸ்கெட்டைப் பிரிக்கலாம்.