பிசங்கா: மெழுகும் சாயமும் கொண்டு ஈஸ்டர் முட்டை வரைவது எப்படி?

வெங்காயத் தோலோடு வேகவைத்துச் செம்பழுப்பாக்கிய முட்டையை ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஈஸ்டருக்குச் சாப்பிடுவார்கள். உக்ரைனில் இப்படி ஒரே நிறத்தில் இருக்கும் முட்டைக்கு கிராஷங்கா என்று பெயர். நாம் செய்யப்போகும் பிசங்கா சாப்பிடுவதற்கானது அல்ல, அன்பளிப்பாகக் கொடுப்பதற்கானது. 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

தேவையானவை: விரிசல் இல்லாத, வேகவைக்காத வெள்ளை முட்டை, தேன்மெழுகு, மெழுகுவர்த்தி, மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயங்கள், வினிகர். மெழுகால் வரைய உக்ரைனில் கிஸ்த்கா என்ற கருவி உண்டு. குச்சி முனையில் சின்னப் புனல் கட்டியிருக்கும். அது கிடைக்காவிட்டால், பென்சில் முனை ரப்பரில் குண்டூசியைக் குத்தி, அதன் தலையை உருகிய மெழுகில் தொட்டு இழுங்கள். கார்பாத்திய மலையின் லெம்கோ மக்கள் ஊசித்தலையால் இப்படித்தான் வரைகிறார்கள். புதியவர்களுக்கு இதுவே சுலபம் என்பேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகிடும்போது முட்டை என்ன நிறத்தில் இருக்கிறதோ, அந்தக் கோடு கடைசிவரை அதே நிறம்தான். அதனால் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடிக்க வேண்டும்.

முட்டையை வினிகர் கலந்த தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பென்சிலால் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டு, முட்டையைப் பகுதிகளாகப் பிரியுங்கள். தப்பினாலும் ரப்பரால் அழிக்க வேண்டாம், ஓட்டில் தேய்ந்த தடம் தெரியும். எட்டுமுனை நட்சத்திரம் வரைந்து பழகலாம். மான், தேவதாரு கிளை எல்லாம் அப்புறம்.

வெள்ளையாக நிற்க வேண்டியதை மெழுகால் மூடி, மஞ்சளில் முக்குங்கள். சாயம் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும். சில நிமிடத்தில் எடுத்து ஒற்றி உலர்த்துங்கள். மஞ்சளாக வேண்டியதை மூடிச் சிவப்பில், சிவப்பாக வேண்டியதை மூடிக் கறுப்பில். இப்போது முட்டை கறுத்து, அழுக்காகத் தெரியும். பயப்படாதீர்கள்!

மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கவாட்டில் முட்டையைப் பிடியுங்கள். மேலே பிடித்தால் கரி படியும். மெழுகு பளபளத்ததும் டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் நிறங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். இந்த நிமிடத்துக்காகவே அத்தனை பொறுமையும் தகும்.

வார்னிஷ் பூசிக் காய்ந்ததும், இரு முனையிலும் துளையிட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றுங்கள். முதலிலேயே ஊதிவிட்டால் முட்டை சாயத்தில் மூழ்காமல் மிதக்கும். வெயில் படாத இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் நிறம் மங்கிவிடும்.